ஃபிட்னெஸ் நைட் நடத்தறீங்களா? முதல்ல எடை மெஷினை வெளியே வையுங்க!

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரிகளுக்கும், ஸ்கூல் பெற்றோர் கமிட்டிக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஃபேமிலி ஃபிட்னெஸ் நைட் - பெற்றோரும் குழந்தைகளும் கேள்வி கேட்கலாம்"னு பேனர் கட்டறதுக்கு முன்னாடி, அந்த எடை மெஷினைத் தூக்கி வாசலுக்கு வெளியே வையுங்க. முடிஞ்சா ஸ்பான்சரையும் அதுக்குப் பக்கத்துலயே உட்கார வையுங்க.

நான் டாக்டர் இல்லை. ஜிம் மாஸ்டரும் இல்லை. திருநெல்வேலில பி.காம் முடிச்சுட்டு, பேங்க் டிரான்ஸ்ஃபர் துரத்தத் துரத்த ஓடி, சித்தூர்ல மூணு வருஷம், இப்ப திருப்பதியில ரெண்டாவது வருஷம்னு குப்பை கொட்டறவன். ஆனா ஒரு கடன் ஃபைலைப் பிரிச்சா, யார் பணம் போடறாங்க, யாருக்கு லாபம், யார் தலையில நஷ்டம் விழும்னு பாக்கறது என் பொழப்பு. அந்தக் கண்ணோட இந்த ரெண்டு ஊர்லயும் மூணு ஃபிட்னெஸ் நைட் பாத்தாச்சு. மூணுலயும் லாபம் ஸ்பான்சருக்கு, கைதட்டல் பெரியவங்களுக்கு, நஷ்டம் மட்டும் பசங்களுக்கு.

நிகழ்ச்சி நிரல் எல்லா இடத்துலயும் ஒண்ணேதான். ஏழரைக்குன்னு போட்டு எட்டேகாலுக்கு ஆரம்பிப்பாங்க. குத்துவிளக்கு, சால்வை, ஸ்பான்சர் வீடியோ. அப்புறம் பசங்களை வரிசையா நிக்க வெச்சு எடை, உயரம். ஒரு இடத்துல எடைக்கு ஏத்த மாதிரி பச்சை அட்டை, சிவப்பு அட்டை வேற குடுத்தாங்க. அஞ்சாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒண்ணு சிவப்பு அட்டையை நாலா மடிச்சுப் பாவாடை பாக்கெட்டுக்குள்ள தள்ளிட்டு, சாப்பாட்டு வரிசைக்கே வரலை. அதுக்கப்புறம் நாப்பது நிமிஷம் ஸ்லைடு. கேள்வி நேரம் பத்தே நிமிஷம், அதையும் அப்பா அம்மாக்களே எடுத்துப்பாங்க. "என் பையன் பால் குடிக்க மாட்டேங்கறான், என்ன பவுடர் கலக்கலாம்?" பதில் சொல்ல ஸ்பான்சர் ஆளு மைக்கோட ரெடி.

அந்தப் பத்து நிமிஷத்துல ஒரே ஒரு பையன் கை தூக்கினான். "மா ஸ்கூல்லோ க்ரௌண்டே லேது அங்கிள். எக்கட ஆடுகோவாலி?" எங்க ஸ்கூல்ல மைதானமே இல்லை, எங்க போய் விளையாடறதுன்னு கேக்கறான். மேடையில இருந்தவர் "வெரி குட் கொஸ்டின்"னு சிரிச்சுட்டு, அடுத்த கேள்வின்னு போயிட்டார். அன்னிக்கு ராத்திரி கேட்டதுல உருப்படியான கேள்வி அது ஒண்ணுதான். அதுக்கு மட்டும்தான் பதில் வரலை.

ஒண்ணொண்ணா வருவோம்.

முதல்ல எடை. பெரியவங்களுக்குப் போடற பி.எம்.ஐ கணக்கை அப்படியே பசங்களுக்குப் போடக்கூடாது. வயசு, ஆணா பெண்ணா எல்லாம் பாத்து, வளர்ச்சி அட்டவணையில வெச்சுப் படிக்கணும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயசு வரைக்கும் 2015லயே நம்ம பசங்களுக்குன்னு தனி அட்டவணை குடுத்திருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்ச டாக்டர், கதவு சாத்தின அறையில, அப்பா அம்மாவை வெச்சுக்கிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது. மைக்குல சொல்றது இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2016ல குடுத்த அறிக்கையில, வீட்டுல கூட எடையைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காதீங்க, அதுக்குப் பதிலா சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்கன்னு சொல்லியிருக்கு. எடையைச் சொல்லிக் குத்திக்காட்டினா, சாப்பாட்டோட பசங்களுக்கு இருக்கற உறவே கெட்டுப்போகும்கறதுதான் காரணம். வீட்டுக்குள்ளயே பேசாதேங்கறாங்க. நாம இருநூறு பேர் முன்னாடி சிவப்பு அட்டை குடுக்கறோம்.

"அப்ப எடை ஒரு பிரச்சினையே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்க. ஆந்திராவுல பெண்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல அதிக எடை. நாடு முழுக்க எடுத்தா நாலுல ஒருத்தர் கணக்குதான் வருது. கவனிச்சீங்களா, இது பெரியவங்க கணக்கு. மெஷின்ல ஏற வேண்டியவங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு, பசங்களை ஏத்தி விடறோம்.

அடுத்து பவுடர். "ஹெல்த் டிரிங்க்"னு ஒரு வகையே நம்ம 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல கிடையாது. போர்ன்விட்டாவுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு 2023 ஏப்ரல்ல ரேவந்த் ஹிமத்சிங்கான்னு ஒரு இளைஞர் வீடியோ போட்டார். கம்பெனியிலேர்ந்து வக்கீல் நோட்டீஸ் வந்து, அதை எடுத்துட்டார். சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2024 ஏப்ரல்ல, மத்திய வணிக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பிச்சு: போர்ன்விட்டா உட்பட இந்த மாதிரி பானங்களை ஹெல்த் டிரிங்க் பட்டியல்லேர்ந்து எடுங்கன்னு. ஹார்லிக்ஸும் அதே மாசம் அந்தப் பேரை விட்டுடுச்சு. புரோட்டீன் பவுடர் கதை என்னன்னா, ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில, உடம்பு ஏத்தறதுக்காக அதைச் சாப்பிட வேண்டாம்னே சொல்லியிருக்கு. சட்டத்துல இல்லாத பேரை வெச்சுக்கிட்டு நம்ம கம்யூனிட்டி ஹால்ல மட்டும் ஏன் ஸ்டால் போட விடணும்?

இப்ப அந்தப் பையன் கேள்விக்கு வருவோம். 5 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும், சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட பட்டியல் சொல்லுது. அதுல விளையாட்டு மைதானம் இருக்கு. சட்டம் இருக்கு, அளவு இருக்கு. நேரம் எங்க இருக்கு?

நம்ம ஏரியாவுல ஒம்பதாங்கிளாஸ் படிக்கிற பையனோட நாளைக் கேஷ் புக் மாதிரி எழுதிப் பாருங்க. காலையில ஏழரைக்கு வேன். எட்டரைக்கு கிளாஸ். அஞ்சு வரைக்கும் பாடம், அப்புறம் ஆறரை வரைக்கும் ஸ்டடி அவர். வேன்ல வீட்டுக்கு ஏழேகால். டிபன், ஹோம்வொர்க், தூக்கம். பி.டி. பீரியட்னு டைம்டேபிள்ல ஒரு வரி இருக்கும், பரீட்சை மாசத்துல அதையும் கணக்கு வாத்தியார் எடுத்துப்பார். மூணு மாடிக் கட்டடம், கீழ வேன் நிறுத்தற இடம், அதுக்குப் பேரு ஸ்கூல். இந்தக் கேஷ் புக்குல அந்த 60 நிமிஷத்தை எந்தத் தலைப்புல எழுதுவீங்க? எழுத இடமே இல்லை. இருபத்து நாலு மணி நேரத்தையும் நாமளே செலவு பண்ணி முடிச்சுட்டு, மிச்சம் எங்கடான்னு பையனைக் கேக்கறோம்.

"இவ்வளவு பேசறீங்களே, ஏதோ ஒரு விழிப்புணர்வாவது வருதே?"ன்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். விழிப்புணர்வு இல்லாம இல்லை சார், ஏகப்பட்டது இருக்கு. 2019 ஆகஸ்ட் 29ல ஃபிட் இந்தியா இயக்கம் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே எந்த வயசுக்கு என்ன பயிற்சின்னு தனித்தனியா வழிமுறை போட்டாங்க. ஓடினா நல்லதுன்னு தெரியாத பையன் சித்தூர் ஜில்லாவுல ஒருத்தனாவது இருக்கானா? ஓடவும் அவனுக்குத் தெரியும். விடறது யாரு?

இன்னொரு கேள்வியை நான் மதிக்கறேன். அதை அம்மாக்கள்தான் கேப்பாங்க. "வெளியில விட பயமா இருக்கு அண்ணா." வண்டி, நாய், இருட்டு. நம்ம ஊர்ல சிறுத்தை பயம் கூட நிஜம்தான். 2023 ஆகஸ்ட்ல அலிபிரி நடைபாதையில ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணைச் சிறுத்தை அடிச்சுக் கொன்னதை திருப்பதியில யாரும் மறக்கலை. அப்ப தேவஸ்தானம் என்ன பண்ணாங்க? குழந்தைகளே மலை ஏறக்கூடாதுன்னு சொல்லலை. 15 வயசுக்குக் கீழ இருக்கறவங்க மதியம் ரெண்டு மணிக்கு அப்புறம் நடக்க வேண்டாம்னு நேரத்தை மாத்தினாங்க. எல்லாரும் கூட்டமா சேர்ந்து போகச் சொன்னாங்க. நேரத்தை முடிவு பண்ணு, கூட்டமாப் போ, பெரியவங்க கூட வா. பயத்துக்கு இதுதான் பதில். பையனை சோபாவுல உக்கார வைக்கறது பதில் இல்லை.

அதே அலிபிரியைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. சுமார் 3,550 படி. எட்டு வயசுப் பசங்க ஏர்றாங்க. யாரும் அவங்களை எடை போடலை, பவுடர் குடுக்கலை, ஸ்லைடு காட்டலை. பின்ன எப்படி? அப்பா ஏறறார், அம்மா ஏறறாங்க, அத்தை பசங்க முன்னாடி ஓடறாங்க, பாட்டி பத்து படிக்கு ஒரு தடவை உக்காந்து மூச்சு வாங்கறாங்க. பசங்களுக்கு வேண்டியது கூட வர்ற ஆளு. அறிவுரை எப்பவும் இலவசமாக் கிடைக்கும், கூட வர்ற ஆளுதான் கிடைக்க மாட்டேங்கறாங்க.

ஸ்காட்லாந்துல ஸ்டெர்லிங் ஊர்ல ஒரு தலைமையாசிரியை 2012ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தினமும் 15 நிமிஷம், யூனிஃபார்மோடவே, கிளாஸ் மொத்தமும் வெளிய போய் ஓடுறதோ நடக்கறதோ. டெய்லி மைல்னு பேரு, பல நாட்டுக்குப் பரவிடுச்சு. ஜப்பான்ல 1928லேர்ந்து ரேடியோ உடற்பயிற்சி. கோடை லீவுல தெருப் பசங்க காலையில ஒண்ணு சேர்ந்து பண்ணிட்டு, அட்டையில முத்திரை வாங்கிக்குவாங்க. வந்தியா, முத்திரை. அவ்வளவுதான். பச்சை சிவப்பு கிடையாது.

சரி, குறை சொல்லிட்டுப் போறது சுலபம். எப்படி நடத்தலாம்னு நான் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கங்க.

1. எடை, பி.எம்.ஐ, பரிசு, சர்ட்டிஃபிகேட் எதுவும் கிடையாது.

2. ஸ்பான்சர் கிடையாது. வீட்டுக்கு அம்பது ரூபா போடுங்க. நாப்பது வீடுன்னா 2,000 ரூபா. வாழைப்பழம், கடலைமிட்டாய், ஒரு அண்டா மோர். தாராளமாப் போதும், மிச்சத்துக்கு ரெண்டு ஸ்கிப்பிங் கயிறும் வாங்கலாம்.

3. ராத்திரி எட்டு மணி வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்கு முடிங்க. பாதி நேரம் விளையாட்டு. ஏழுகல்லோ, இந்த ஊர் பாஷையில ஏடு பெங்குலாட்டாவோ. அப்பா அம்மாவும் ஆடணும். பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷம்னு அதே உலக சுகாதார நிறுவனம்தான் சொல்லியிருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

4. பசங்க கேள்வியை முன்னாடியே சீட்டுல எழுதி டப்பாவுல போடட்டும். பேர் வேண்டாம். தெலுங்கு, தமிழ், எதுல வேணா எழுதலாம். அவங்க கேள்வி தீர்ந்த பிறகுதான் பெரியவங்களுக்கு மைக். "ஜிம்முக்குப் போனா உயரம் நின்னுடுமா?"ன்னு நிச்சயம் ஒரு சீட்டு இருக்கும். நிக்காது. சரியாச் சொல்லிக்குடுக்கற ஆள் பக்கத்துல இருந்தா, வயசுக்கேத்த வலுப் பயிற்சி பண்ணலாம். வாரத்துல மூணு நாள் எலும்புக்கும் தசைக்கும் வேலை குடுக்கச் சொல்லி வழிகாட்டியே இருக்கு. "தொங்கினா உயரமாவேனா?" மாட்டே கண்ணா, ஆனா தொங்கறது நல்லதுதான், தொங்கு :-)

5. பதில் சொல்ற இடத்துல குழந்தை டாக்டர், பி.டி. மாஸ்டர் ரெண்டு பேரோட, ஸ்கூல் கரஸ்பாண்டெண்டும் அசோசியேஷன் செக்ரட்டரியும் உக்காரணும். ஏன்னா பாதிக் கேள்வி டாக்டருக்கு இல்லை, இவங்களுக்குத்தான். க்ரௌண்ட் ஏன் இல்லை? ஸ்டடி அவர் ஏன் ஆறரை வரைக்கும்? கீழ பந்து அடிச்சா ஏன் வாட்ச்மேனை விட்டு விரட்டறீங்க?

6. ஒத்துக்கிட்டதைத் தேதியோட ஒரு நோட்டுல எழுதணும். அடுத்த மாசம் அதே நோட்டைப் பிரிக்கணும். வராக்கடன் லிஸ்டை நாங்க மாசாமாசம் பிரிக்கற மாதிரி. யார் சொன்னது, எந்தத் தேதி, ஆச்சா இல்லையா.

அஞ்சாவது பாயிண்ட்டைக் கேட்டதும் எங்க கமிட்டில ஒருத்தர், "அது கொஞ்சம் சங்கடமா இருக்குமே சார்"னார். இருக்கட்டும். பத்து வயசுப் பொண்ணை மெஷின்ல நிக்க வெச்சப்போ இந்தச் சங்கடம் யாருக்கும் வரலையே.

இவ்வளவும் முடியாது, ஆள் இல்லை, நேரம் இல்லைங்கறீங்களா? அப்ப நைட்டே வேண்டாம். பேனரையும் கட்டாதீங்க. கேட்டுல ஒரு சின்ன போர்டு மட்டும் மாட்டுங்க: "தினமும் சாயங்காலம் 5.30 முதல் 6.30 வரை உள்ளே வண்டி வராது. பசங்க விளையாடறாங்க." பேனருக்கு ஆகற செலவுல பாதி கூட ஆகாது.