வைத்தியர் மடல்: கிணறும் மலகூடமும் ஒரே கிடங்கில்



சென்ற வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "டொக்டர் தம்பி, குறொன்லாண்டுக்கு மரக்கறி வாங்கப் போனால் வழியெல்லாம் கிடங்கு. நல்லா இருக்கிற தெருவை ஏன் கிண்டுறாங்கள்?" செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஊரில் வளவின் ஒரு மூலையில் கிணறு, எதிர்மூலையில் மலகூடம். அப்பு காரணம் விளக்கமாட்டார். ஆனால் கிட்டக் கட்டவும் விடமாட்டார். இங்கே அந்த இரண்டும் வீதிக்குக் கீழே, உறைபனி எட்டாத ஆழத்தில், பெரும்பாலும் ஒரே கிடங்கில் பக்கத்துப் பக்கமாகக் கிடக்கின்றன. குடிநீர்க் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் போகும். நோர்வேயில் விநியோகமாகும் குடிநீரில் ஏறத்தாழ 30 வீதம் இப்படி மண்ணுக்குள் போகிறது. அழுத்தம் விழுந்தால், வெளியே நிற்கும் அழுக்கு அதே ஓட்டையால் உள்ளே வரும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2007இல் றோறொஸ் என்னும் சிறு நகரில் கம்பிலோபக்டர் கிருமியால் பலருக்கு வயிற்றோட்டம் கண்டது. சில நாட்களுக்கு முன் குழாயில் அழுத்தம் குறைந்திருந்ததை விசாரணையில் கண்டார்கள். 2019இல் பேர்கனுக்கு அருகிலுள்ள அஸ்கொய் தீவில் ஏறத்தாழ 2,000 பேர் நோயுற்றார்கள். அங்கே பழுது குழாயில் அல்ல, பாறையில் குடைந்த பழைய நீர்த்தேக்கத்தில். வெடிப்பு வழியே மிருக எச்சம் கசிந்தது. இன்னும் பின்னே போனால், 1853இல் இந்த ஒஸ்லோவிலேயே வாந்திபேதி ஏறத்தாழ 1,600 உயிர்களைக் கொண்டுபோனது. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த குறொன்லாண்ட் அப்போது நகர எல்லைக்கு வெளியே இருந்த புறநகர்.

ஆகவே கிண்டத்தான் வேண்டும். ஒரு தரம் கிண்டும்போதே எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் கெட்டித்தனம். ஸ்தூர்காத்தாவிலும் தூர்வால்ட் மையர்ஸ் காத்தாவிலும் திறிக் தண்டவாளத்தை மாற்றியபோது கீழே இருந்த பழைய குழாய்களையும் மாற்றினார்கள். கடைக்காரர் பட்ட கஷ்டம் பெரிது, மறுக்கவில்லை. தண்டவாளம் போட்டு மூன்றாம் வருடம் குழாய்க்காக மறுபடி உடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

வீடு வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீதிக் குழாய் கொம்யூனுடையது. அதிலிருந்து வீட்டுக்கு வரும் ஸ்திக்லெட்னிங் வீட்டுக்காரருடையது. திருத்தும் செலவும் அவருடையதே. வீதி வேலை பற்றிக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று எறியாதீர்கள். கிடங்கு திறந்திருக்கும்போது உங்கள் குழாயையும் மாற்றினால் செலவு குறையலாம். கூட்டுக்குடியிருப்பில் இருப்போர் நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். நம்மவர் அங்கே போவது அருமை.

என் பெரிய கவலை வேறு. குழாய் உடைந்தால் 'கூக்கெவார்செல்', அதாவது தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவித்தல், நோர்வேஜிய மொழியில் கைத்தொலைபேசிக்கு வரும். அம்மாவின் தொலைபேசி மகனின் பெயரில் இருந்தால், செய்தி வேறு ஊரில் இருக்கும் மகனுக்குப் போகக்கூடும். பிள்ளைகளே, பெற்றோரின் இலக்கம் அவர்கள் பெயரிலும் விலாசத்திலும் பதிவாகியிருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். அறிவித்தல் வந்தால் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். குடிக்க மட்டுமல்ல, பல் விளக்கவும், குழந்தைக்குப் பால் கரைக்கவும், சுவாமிக்கு வைத்துப் பின் தீர்த்தமாகக் குடிக்கும் தண்ணீருக்கும் அதுவே.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு இம்மடலை யாராவது வாசித்துக் காட்டுங்கள். அவருக்குக் கண் புரை, சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார்.