உயிர்த்தசையை அளத்தல்

மருத்துவர் நோயாளியின் தசையை விரலால் அழுத்தி, இறுகியுள்ளது என்றோ தளர்ந்துள்ளது என்றோ கூறுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்விரலின் பழக்கத்தை யாம் இகழ்ந்துரைக்கோம். ஆயினும், சென்ற ஆண்டின் இறுக்கத்திற்கும் இன்றைய இறுக்கத்திற்கும் வேற்றுமை எவ்வளவு என வினவின், விரல் யாது விடை கூறும்?

தசையை அறுத்தெடுத்துச் சோதிக்கலாமே எனின், அதுவும் முற்றும் பயன்படாது. உயிர் நீங்கிய சில மணி நேரத்தில் தசை விறைத்துப்போதல் யாவரும் அறிந்ததே. ஆதலின் உயிருள்ள தசையின் இயல்பை உடலில் இருக்கும்போதே அளத்தல் வேண்டும்.

இதற்கு ஒரு வழி பிறந்தது 1995-ஆம் ஆண்டில். அமெரிக்க நாட்டு மேயோ கிளினிக்கில் ராஜா முத்துப்பிள்ளையும் அவருடன் உழைத்தோரும் எம்.ஆர்.ஐ. கருவிகொண்டு செய்யும் புதுமுறையொன்றை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். உடலின்மேல் மெல்லிய அதிர்வு ஊட்டப்படும். அதனால் எழும் அலை, குளத்துநீரில் பரவும் அலைபோல், தசையினூடே பரவும். கருவி அதனைப் படமாகக் காட்டும். இறுகிய தசையில் அலை விரைந்தோடும். தளர்ந்த தசையில் மெல்லச் செல்லும். அலை விநாடிக்கு 3 மீட்டர் சென்றால் திண்மை ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல். 4 மீட்டராயின் 16. அல்ட்ராசவுண்டு கருவியாலும் இத்தகைய அலையைக் காணும் முறை உண்டு.

நிற்க. எண் கிடைத்தவுடன் உண்மை முழுதும் கைவந்ததென எண்ணுதல் பேதைமை. ஈரல் நோயறிதற்கு இம்முறை மருத்துவமனைகளில் வழங்குகின்றது; தசையோ ஈரல் போன்றதன்று. நார்களின் போக்கில் அலை விரைந்தும், குறுக்கே தாழ்ந்தும் செல்லும். முழங்கையை மடக்கிப் பளு தாங்கினால் ஓர் எண். அதே கையைத் தளரவிட்டால் வேறோர் எண். எனவே, எத்திசையில், எந்நிலையில், எவ்வளவு அதிர்வில் அளந்தது என்று கூறாத எண் அளவே அன்று என்பது எம் துணிபு. அத்தகைய எண்ணினும் பழகிய விரலே நன்று.

இது வெறும் ஏட்டு வாதமன்று. மூளைவாதத்தால் கால் இறுகிய குழந்தையைப் பெற்ற தாய் வினவுவது ஒன்றே: இத்தனை நாள் செய்த சிகிச்சையால் தசை சிறிதேனும் இளகிற்றா? முதல் அளவு ஒரு நிலையிலும் மறு அளவு வேறொரு நிலையிலும் எடுத்தால், பொய்யான நம்பிக்கையேனும் பொய்யான துயரேனும் அவளுக்கு விளையும். அன்னவட்கு நேர்மையாக விடை கூறவேண்டின், நிலை குறித்த எண்ணும் தொட்டறிந்த கையும் ஒருங்கே வேண்டும். ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளுதல் அறிவியலும் அன்று, அருளும் அன்று.