நீளச் சொல்லுக்கு அஞ்சலாமா?

ஆங்கிலப் பாடநூலில் நீண்டதொரு சொல்லைக் கண்டதும் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்து நம் பிள்ளைகள் பலர் வாயடைத்து நிற்கின்றனர். எழுத்தெழுத்தாக மனனம் செய்வித்தால் போதும் என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஒலிக்கு அசை பிரிப்பது போலவே பொருளுக்கு உறுப்புப் பிரிக்கவும் கற்பித்தல் வேண்டும்.

'தெர்மாமீட்டர்' என்பதை ஆங்கில நாவு தெர்-மாம்-இ-டர் என நான்கு அசையாக்கும். அதில் மீட்டர் சிதைந்துபோகும். பொருளோ இரண்டே கூறு. கிரேக்கத்தில் 'தெர்மோ' வெப்பம், 'மீட்டர்' அளப்பது. நம் வெப்பமானியும் அவ்வாறு அமைந்ததன்றோ! 'போட்டோசிந்தசிஸ்' என்பதிலும் போட்டோ ஒளி, சிந்தசிஸ் சேர்க்கை. ஒளிச்சேர்க்கையைத் தமிழில் கற்ற பிள்ளை இடைநிலைப் பள்ளி புகும்போது மலாயிலும் ஏறத்தாழ இதே சொல்லைத்தான் காணப்போகிறது.

இக்கலை நமக்குப் புதிதன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பகுபதத்திற்கு 6 உறுப்புகளை வகுத்தது நன்னூல். 'பெர்புஸ்தாக்காஆன்' என்னும் மலாய்ச் சொல்லின் முன்னொட்டும் பின்னொட்டும் நீங்கினால் எஞ்சுவது நாமறிந்த புத்தகமே.

ஆனால் பால்மரம் வெட்டுவோர் அறிவர்: கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், கட்டையில் பாய்ந்தால் மரத்துக்குக் காயம். சொல்லிலும் இடமறிந்தே வெட்டுதல் நலம். 'கார்ப்பெட்' என்னும் கம்பளத்துள் காரைத் தேடுதல் வீண்.

பெற்றோரே, ஆங்கிலம் அறியோம் எனத் தயங்க வேண்டா. மாலையில் பிள்ளையை அருகமர்த்தி, "இச்சொல்லில் எத்தனை துண்டு? எதற்கு என்ன பொருள்?" என வினவுங்கள். விடை கூற வேண்டியது பிள்ளையே.