வரப்பில் நிற்கும் செல்போன்

ஒரு வயலில் என்ன பயிர் நிற்கிறது என்பதற்குத் தஞ்சைத் தரணியில் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல்தான் சாட்சி. கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும், காப்பீடு கட்டவும், 2018 கஜாவைப் போல ஒரு புயல் அடித்த பிறகு நிவாரணம் கேட்கவும் அதுதான் வேண்டும். அந்த வேலையைச் செல்போன் செயலியிடம் ஒப்படைக்க வந்திருக்கிறது மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களே இதற்காகத் தமிழக வயல்களில் இறக்கப்பட்டார்கள். கணக்கெடுப்பவர் வயலுக்கே போனாரா என்று அவருடைய போன் காட்டும் இடத்தை வைத்துச் சோதிப்பதுதான் இதன் அடிப்படை. நோக்கம் நல்லது. அந்த இடக்குறியை அப்படியே நம்புவதுதான் ஆபத்து.

போன் தன் இடத்தை அறிவதில்லை, கணிக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கணக்குப் போடுகிறது. மறைப்பில்லாத வெட்டவெளியிலும் ஏறத்தாழ 5 மீட்டர் பிசகு இயல்பு. 10 சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 20 மீட்டர். அதில் முக்கால் பங்கு ஏதாவதொரு வரப்பிலிருந்து 5 மீட்டருக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, சம்பாப் பயிரை மிதித்துக்கொண்டு யாரும் நடுவயலுக்குப் போவதில்லை. எல்லோரும் நிற்பது வரப்பில், அதாவது இரண்டு புல எண்களின் எல்லைக்கோட்டிலேயே. செயலியின் எல்லையைத் தளர்த்தினால் பக்கத்து வயலும் உள்ளே வந்துவிடும், இறுக்கினால் சரியான இடத்தில் நிற்பவரையே அது மறுக்கும். தவிர, செயலி கேட்கும்போதெல்லாம் போன் புதிதாக அளப்பதுமில்லை. சார்ஜ் மிச்சமாகட்டும் என்று சற்று முன் கண்ட இடத்தையே தந்துவிடலாம். டவரை மட்டும் வைத்துக் கணித்த இடமோ நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக்கூட விழும்.

மேசையில் உட்கார்ந்தபடி எழுதிய அடங்கலைவிட இது மேல் அல்லவா என்று கேட்கலாம். மேல்தான்; வயலுக்குப் போகாமலே எழுதும் வழக்கத்துக்கு இது கடிவாளம். ஆனால் ஆள் போனார் என்பதற்கான சாட்சி, பயிர் எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிடாது. ஒவ்வொரு கணிப்போடும் அது எத்தனை மீட்டர் பிசகலாம், எப்போது எடுத்தது என்பதையும் போன் செயலிக்குக் கொடுக்கத்தான் செய்கிறது. அவ்விரண்டும் பதிவில் ஏற வேண்டும். பிசகு அதிகமான பதிவைத் தானாக ஏற்காமல் மறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். பட்டா இல்லாமல் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் உட்பட எல்லோரும் பார்த்து ஆட்சேபம் சொல்ல, பதிவு இறுதியாகும் முன்பே ஊரில் பட்டியல் ஒட்டப்பட வேண்டும்.