சாக்கில் உருளைக்கிழங்கு வேண்டாம்

வீட்டுக் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் சாக்குகளில் உருளைக்கிழங்கு பயிரிடலாம் என்னும் ஆசை நமது கோவிலூர்ப் பகுதி அங்கத்தினரிடையே பெருகியிருக்கிறது. கைப்பேசியில் வரும் படங்களில் ஒருவர் பையைக் கவிழ்க்கிறார். கிழங்குகள் குவியலாகக் கொட்டுகின்றன. சங்கத்தின் வாயிலாக விதைக்கிழங்கை மொத்தமாகத் தருவிக்கவேண்டும் என்று அன்பர்கள் சிலர் மனுவும் கொடுத்துள்ளனர். சாக்கை நான் ஆதரிக்கிறேன்; உருளையை எதிர்க்கிறேன்.

உருளை குளிர்நிலத்துப் பயிர். மண்ணுக்குள் ஓடும் அதன் கிளைத்தண்டின் நுனி பருத்தே கிழங்காகிறது. இரவு வெப்பம் ஏறக்குறைய 20 பாகைக்குக் கீழ் இறங்கினால்தான் இது செவ்வனே நிகழும். இரவும் புழுக்கமாயிருப்பின், இலை சேர்த்த சத்து செடியின் மூச்சிலும் தழையிலுமே செலவாகிவிடும். ஆகவேதான் நமது மாநிலத்தில் அது நீலகிரி, கொடைக்கானல், தாளவாடி, ஓசூர் போன்ற மேட்டு நிலங்களில் நிலைபெற்றது. கோவிலூரிலோ மார்கழி, தை இரவுகள் மட்டுமே அந்த அளவை நெருங்குகின்றன. பயிருக்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். வெப்பம் தாங்கும் 'குப்ரி சூர்யா' என்னும் ரகம் 2006இல் வெளியிடப்பட்டது உண்மையே. ஆனால் அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. நமது பங்குனி இரவு அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஒரு மாசி மாதத்தில் மூன்று சாக்குகளில் நட்டேன். முழங்கால் உயரம் தழைத்தது, பார்த்தவரெல்லாம் புகழ்ந்தனர். செடி வளர வளர மண் அணைத்தேன். சித்திரையில் கவிழ்த்தபோது கோலிக்குண்டு அளவில் பத்துப் பன்னிரண்டு கிடைத்தன. அவற்றிலும் சில வெயில் பட்டுப் பச்சைநிறம் ஏறி, உண்ணத் தகாதனவாகிவிட்டன. என் மனையாள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று கடையில் அரைக்கிலோ வாங்கிவரச் சொன்னதோடு சரி. விதை, எரு, தென்னைநார்க் கழிவு எல்லாவற்றுக்கும் செலவிட்ட பணத்தைக் கணக்கிட்டால், தறியில் இரண்டு நாள் உட்கார்ந்து பெற்ற கூலி போயிற்று. எனக்கு அது தாங்கும். கூலியையே நம்பியிருக்கும் குடும்பங்களை இதில் இழுத்துவிடச் சங்கம் துணைபோகலாகாது.

ஆயின் சாக்கு வீண்போக வேண்டியதில்லை. நமது செம்மண் காய்ந்தால் இறுகிவிடும். கிழங்குக்கோ பொலபொலப்பான மண் வேண்டும். செம்மண், மக்கிய சாணஎரு, நன்கு அலசிய தென்னைநார்க் கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பினால், நான்கடி இடமுள்ள வீட்டிலும் கிழங்கு விளையும். அடியில் நீர் வடியத் துளையிட மறக்கலாகாது. பிளாஸ்டிக் சாக்கு நமது வெயிலில் ஓராண்டுக்குள் நைந்து இழை இழையாக உதிரும். இழையைப் பற்றி நெசவாளருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சணல்சாக்கு ஒரு பருவம் தாங்கும், பிறகு எருவாகும்.

அதில் எதை நடுவது? சித்திரை, வைகாசியில் முளையுள்ள சேனைத் துண்டு ஒன்றை ஒரு சாக்கில் வைத்தால், தைக்குள் வெட்டலாம். எனினும் என் மனம் சிறுகிழங்கையே நாடுகிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தார் பொங்கலுக்கு இதனைத் தவறவிடுவதில்லை. இது துளசியின் இனம், வெப்பத்துக்கு அஞ்சாதது. கிழங்கை முளைக்கவைத்து, அதிலிருந்து எழும் கொடியின் நுனிகளைக் கிள்ளி ஆவணி, புரட்டாசியில் நடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையே பெரும்பாலும் நீர் பாய்ச்சிவிடும். ஒன்றரை மாதம் சென்றபின் தண்டைச் சுற்றி மண் அணைத்தால் அடியில் கொத்தாகக் கிழங்கு பிடிக்கும். உருளைக்காக நாம் கற்ற மண் அணைக்கும் வித்தை இங்கே பயன்படும். வேர்முடிச்சுப் புழு இதற்குப் பகை. ஆகவே சாக்கின் மண்ணை ஆண்டுதோறும் மாற்றவேண்டும்.

விதை உருளைக்கென ஒதுக்க எண்ணியுள்ள தொகையில், ஆனி மாதத்திலேயே சிறுகிழங்கு விதையைத் தருவித்து, சங்கத்தின் இடத்தில் ஒரு பாத்தி போட்டுக் கொடி வளர்த்து, அங்கத்தினருக்கு அடக்க விலைக்கு வழங்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். தோல் உரிப்பது சிரமம் என்று பெண்மக்கள் குறை கூறக்கூடும். அதற்கும் தென்பாண்டியார் வழி கண்டிருக்கின்றனர்: கிழங்கை நனைத்து ஒரு சணல்சாக்கிலிட்டுக் கல்லில் நாலு முறை அடித்தால் தோல் கழன்றுவிடும்.