புத்தகங்களின் எடை

புத்தகங்களைப் பற்றி ஓயாமல் பேசுகிற நமக்கு அவற்றின் எடை தெரிவதில்லை. உருவகமாகச் சொல்லவில்லை, கிலோ கணக்கில்தான் சொல்கிறேன். எனக்கு அது தெரியவந்தது ஒரு பின்னிரவில், விக்கிரவாண்டியைத் தாண்டிய நெடுஞ்சாலையில். இலக்கியம் பேசும் இடத்தில் சரக்கு வண்டியைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நூலகங்களை இடம் மாற்றுகிறவர்கள் நம்மில் பலர் என்பதால் இது நம் விஷயமும்தான்.

கும்பகோணத்தில் வாழ்ந்து மறைந்த தமிழாசிரியர் ஒருவரின் நூல்களை அவருடைய மகள் எங்கள் வாசகர் வட்டத்துக்குக் கொடுத்தார். நாற்பதாண்டுச் சேகரிப்பு. சிற்றிதழ்த் தொகுதிகள், வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்துக் கட்டிய தொடர்கதைகள், பழைய உரைப் பதிப்புகள் என்று எழுபது அட்டைப்பெட்டிகள். அவற்றோடு இரண்டு இரும்பு அலமாரிகள். சென்னைக்குக் கொண்டுவர உள்ளூரிலேயே ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு அமர்த்தினோம். உடன் வந்தவர்கள் நானும் கல்லூரி மாணவர்களான இரு நண்பர்களும்.

வண்டிக்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சொந்த வண்டி, கடனில் வாங்கியது. பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இத ரெண்டு நடையா அடிச்சா நல்லாருக்கும்" என்றார். "புத்தகம்தானே தம்பி, பாதி வண்டிகூட நிரம்பாது" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை. அலமாரிகளை முன்னால் சாத்தி, பெட்டிகளையெல்லாம் பின்பக்கம் அடுக்கி முடித்தபோதும் மேலே நிறைய இடம் இருந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். காற்றாட வரலாம் என்று மாணவர்கள் இருவரும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். நான் முன்னால் அமர்ந்தேன். புறப்பட்டபோது இரவு மணி பதினொன்று.

இரண்டு மணிக்குமேல், விளக்கில்லாமல் சாலையோரத்தில் நின்ற ஒரு லாரி கடைசிக் கணத்தில்தான் கண்ணில் பட்டது. பிரேக் அழுத்தப்பட்டது, வண்டி நிற்கவில்லை. பின்புறம் ஒருபக்கமாக வீசியது. பெட்டிகள் முன்னால் சரிந்து அலமாரிகளை இடித்த சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வெடித்தது. நடுத்திட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. மேலே படுத்திருந்த ஒருவன் உருண்டு விழப்போனவனை மற்றவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. அவ்வளவுதான்; அது எங்கள் நல்லூழ்.

வண்டிக்காரர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: "காலைல நாலு மணிக்கு எந்திரிச்சது சார். வாழத்தாரு ரெண்டு நடை, அப்பறம் ஒரு வீடு காலி பண்ற லோடு, அப்பறம் உங்க லோடு." ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே சார்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எழுதும் பதில். சரக்கு வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். என்ன ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது, எந்த நேரத்தில் புறப்படுவது, எப்போது போய்ச் சேருவது என்ற நான்கையும் பெரும்பாலும் தீர்மானிப்பவர் வாடகை கொடுப்பவர். அன்றைய இரவில் அந்த நான்கையும் தீர்மானித்தவன் நான். ஆகவே பாதுகாப்பைப் பற்றிய கல்வி ஓட்டுநருக்கு எவ்வளவு தேவையோ அதே அளவு அமர்த்துகிறவருக்கும் தேவை என்பது என் தரப்பு.

முதலில் எடை. 2005-ல் டாட்டா ஏஸ் வந்து, குட்டி யானை என்று நம் மக்களால் பெயரிடப்பட்ட பிறகு சிறு சரக்கு வண்டி தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. பெயரில் யானை இருப்பதால் எதையும் சுமக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த முதல் வண்டியின் தாங்குதிறனோ முக்கால் டன் அளவுதான். எந்த வண்டிக்கும் பதிவுச் சான்றில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஏற்றத்தக்க சுமை. ஏறி அமரும் மனிதர்களும் அதற்குள் அடக்கம். நாங்கள் அமர்த்திய வண்டிக்கு அது சுமார் 1,200 கிலோ. புத்தகப் பெட்டி ஒன்று 22 கிலோ என்றால் எழுபது பெட்டிகள் 1,540 கிலோ. அலமாரிகளையும் எங்கள் நால்வரையும் சேர்த்தால் 1,800-ஐத் தாண்டும். வைக்கோல் ஏற்றினால் வண்டி பூதம்போலத் தெரியும், எடை இராது. புத்தகமோ நேர்மாறு. எட்டடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள தளத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினாலே ஒரு டன்னைத் தாண்டிவிடும். மேலே மீந்திருக்கும் இடம் கண்ணை ஏமாற்றும். மயில்தோகைகூட அளவு மீறினால் அச்சை முறிக்கும் என்று வள்ளுவரிடம் படித்தவன், புத்தகத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

அடுத்தது அடுக்கும் முறை. கனமானவை கீழே, ஓட்டுநர் அறையை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். நாங்கள் செய்தது தலைகீழ். பின் அச்சுக்கு அப்பால் எடை கூடினால் ஏற்றமரம்போல வண்டியின் முன்புறம் எழும்பும், முன் சக்கரங்கள் சாலையைப் பிடிக்கும் பிடி தளரும், ஸ்டியரிங் இலேசாகிவிடும். முகப்பு விளக்கின் ஒளியும் உயர்ந்துபோய் எதிரில் வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும். இடைவெளி விட்டு அடுக்கிய பெட்டி, பிரேக் பிடித்தவுடன் தன் போக்கில் ஓடும். கட்டிய கயிறும் அப்படியே இருப்பதில்லை. முதல் இருபது முப்பது கிலோமீட்டரில் சுமை அமர்ந்து கயிறு தளர்ந்துவிடும். ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். சக்கரத்தின் காற்றழுத்தத்தைப் புறப்படும் முன், டயர் சூடாவதற்குள், சுமைக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சுமையின்கீழ் நெளிந்து நெளிந்து சூடேறும். கோடை நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். அதன்பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 40-ல் ஆவதைப்போல 80-ல் நான்கு மடங்கு. அளவுக்கு மீறிய சுமையில் இன்னும் கூடுதல். சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும் வெற்று வண்டியும் சாதுவல்ல. பாரத்துக்காக விறைப்பாக அமைந்த பட்டை ஸ்பிரிங்குகள் பாரமின்றித் துள்ளும். மழைச் சாலையில் பின்சக்கரம் எளிதில் வழுக்கும்.

சரக்குத் தளத்தில் மனிதரை ஏற்றுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் நம் ஊர்களில் அது வழக்கமாகவே இருக்கிறது. கட்டணமின்றிச் சரக்கு வண்டியில் ஏறிச் செல்பவருக்கு நேரும் தீங்குக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி என்ற முறையில் நான் அமர்ந்திருந்த முன்னிருக்கைக்குச் சட்டத்தில் இடமுண்டு. அந்த மாணவர்களின் படுக்கைக்கு இல்லை. அவர்களுடைய பெற்றோரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி, பலரும் ஆடம்பரம் என்று ஒதுக்குகிற விஷயத்துக்கு வருகிறேன்: ஓட்டுநரின் சௌகரியம். பல சிறு வண்டிகளில் எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. மே மாதப் பகலில் அந்த இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி, 2025-ல் புதிதாகத் தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் குட்டி யானைகளும் பெரும்பாலான பிக்கப்களும் அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிடுகின்றன. சிறிய வண்டிக்காரருக்கு வெயில் சிறிதாக அடிப்பதில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. கிளட்ச்சை முழுதும் அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி இருக்கையைத் தள்ளிக்கொள்ளலாம். முதுகு சாய்மானத்தில் படிந்திருக்கையில் நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். இடுப்பின் வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். தார்ப்பாய் பக்கக் கண்ணாடியை மறைக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம். இவை சொகுசு அல்ல. முதுகு வலிக்கிறவனின் கவனம் பாதி முதுகில்தான் இருக்கும், சாலைக்கு மீதிதான்.

எல்லாவற்றிலும் பெரிய சௌகரியம் தூக்கம். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தானாகவே உறக்கத்தை நோக்கிச் சரிகிற நேரம். தேநீர் அதைச் சற்றுத் தள்ளிப்போடும், தீர்க்காது. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வது தீர்வுக்கு நெருக்கமானது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் இடைவேளையின்றி வேலை வாங்கக்கூடாது என்றும் வகுத்தது. ஆனால் அது ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களுக்கானதாகவே இருந்தது. தன் வண்டியைத் தானே ஓட்டி மாதத் தவணை கட்டுகிறவரை எந்த வேலை நேரம் கட்டுப்படுத்தும்? அவருக்கு முதலாளியும் அவரே, அடிமையும் அவரே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; வண்டிக்காரர்களே அதைச் சொல்கிறார்கள். "நான் மாட்டேன்னா அடுத்த வண்டிக்காரன் ஏத்திக்குவான்." உண்மைதான். ஒரு நடைக்கு இரு நடை வாடகை தர நம்மில் பலருக்கும் மனமில்லை, சிலருக்கு வசதியும் இல்லை. ஆனால் மறுக்கும் வலிமை இல்லாதவரிடமிருந்து மறுப்பை எதிர்பார்ப்பது நியாயமாகாது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. அந்தப் பிரிவு ஓட்டுபவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. சாலையில் தண்டச்சீட்டு யார் கையில் தரப்படுகிறது என்பது வேறு கதை. ஓட்டச் செய்பவர் என்ற சொல்லைப் படித்தபோது என் பெயரைப் படித்ததுபோல் இருந்தது.

சங்க காலத்து உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூற்றில் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் அதைத்தான் உவமையாக்குகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழியில் மேடும் பள்ளமும் எப்படி இருக்குமென்று யாருக்குத் தெரியும் என்பது அவர்களுடைய கணக்கு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சரக்கு ஏற்றியவர்களுக்கு இருந்த அந்த முன்யோசனையை நாம் தலைவனின் புகழாக மட்டும் படித்துவிட்டோம். இன்றைய வண்டியில் மாற்றுச் சக்கரம் இருக்கிறது. ஓட்டுபவனுக்கு மாற்றாக ஒரு முதுகும் இரு கண்களும் எங்கும் கட்டப்பட்டிருக்கவில்லை.

அன்றிரவு திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்திவிட்டு விடியும்வரை அவரைத் தூங்கவிட்டோம். காலையில் இன்னொரு வண்டி பிடித்துப் பாதிப் பெட்டிகளை மாற்றினோம். செலவு நான் மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட அதிகமாயிற்று. அதன்பிறகு எங்கள் வட்டம் இருமுறை நூலகங்களை இடம் மாற்றியிருக்கிறது. பகலில், அளவான பெட்டிகளோடு, தளத்தில் ஆள் ஏறாமல். வாடகை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறோம்: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?

கேட்கப்பட்டவர்கள் இருவரும் முதலில் சிரித்தார்கள். இருவரில் ஒருவர் மட்டும், சற்று யோசித்துவிட்டு, "நாளைக்குக் காலைல எடுத்துக்கலாமா சார்?" என்றார். எடுத்துக்கொண்டோம்.