ஐந்நூறு மீட்டருக்கு அப்பால்

என் தோழிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்புகளின் உறை தேயும் நோய். போன மே மாதம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்து காட்டச் சொன்னார்கள். காலை ஒன்பதரை மணி, குளிரூட்டிய கட்டடம். கைத்தடி இல்லாமல் நடந்தாள். மாற்றமில்லை என்று குறித்துக்கொண்டார் மருத்துவர். அன்று மாலை குக்கரை இறக்கிவைக்க வலுவில்லாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைக் குறிக்க அந்தத் தாளில் இடமில்லை.

அந்தத் தாளில் இருப்பது, இந்நோயின் பாதிப்பை மதிப்பிடும் இடிஎஸ்எஸ் அளவுகோல். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்டது. பூஜ்யத்தில் தொடங்கி 10 வரை. 10 என்றால் மரணம். துணையின்றி 500 மீட்டர் நடந்தால் 4, 200 மீட்டர் என்றால் 5, கைத்தடியோடு 100 மீட்டர் என்றால் 6. சிறுநீர்க் கட்டுப்பாடு, நினைவாற்றல் எல்லாவற்றையும் தனித்தனியே சோதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நாலைத் தாண்டிவிட்டால் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் கால்களே தீர்மானிக்கின்றன. மருந்து ஆய்வுகள் இன்றும் இதைப் பெரிதும் நம்பியிருக்கின்றன.

நோயாளிகள் சொல்வதோ அசதியை. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. "பாக்க நல்லாத்தானே இருக்கே" என்று உறவினர் சொல்லும்போது அது இரட்டிப்பாகிறது. வெயில் சேர்ந்தால் இன்னும் மோசம்: உடல் சூடு சற்று ஏறினாலே, உறை தேய்ந்த நரம்புகளில் சமிக்ஞை தடுமாறும். உடற்பயிற்சிக்குப் பின் நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890இலேயே கண்டு எழுதினார். சென்னையின் மே மாதத்தில் வாழ்பவரைக் குளிர்ந்த தாழ்வாரத்தில் அளந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நோயாளியையே கேட்கும் வினாத்தாள்கள் உண்டு. 2001இல் லண்டனில் உருவான எம்எஸ்ஐஎஸ்-29, கடந்த இரண்டு வாரத்தில் நோய் எவ்வளவு தொந்தரவு செய்தது என்று 29 கேள்விகள் கேட்கிறது. 20 உடலுக்கு, 9 மனத்துக்கு. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அது எண்ணுவது தொந்தரவை. சக்கர நாற்காலியில் இருந்தபடி நிறைவாக வாழ்பவரும் உண்டு, தடியின்றி நடந்தபடி நொறுங்கிக்கொண்டிருப்பவரும் உண்டு. தொந்தரவைக் கழித்தால் மிஞ்சுவது நலம் என்ற கணக்கு இவர்களிடம் பொருந்துவதில்லை.

அளவிடும் சிக்கல் சட்டத்திலும் உண்டு. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது பெரிய காரியம். ஆனால் பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனமாவது இருக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு ஓய்ந்துபோகும் கைகளுக்கு எத்தனை சதவீதம் போடுவது? குறைந்தது, பரிசோதனை அறையில் "சாயந்திரம் எப்படி இருக்கீங்க, எதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்று கேட்டு, பதிலை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதலாமே.

தோழி இப்போது தினசரி நாட்காட்டியின் தாள்களில் தானே எழுதிவைக்கிறாள். ஒரு தாளில், "இரண்டு வேளையும் நானே சமைத்தேன்." அடுத்ததில், "குளித்தேன். அவ்வளவுதான்." கிழித்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டு, மருத்துவமனைக் கோப்போடு சேர்த்து வைத்திருக்கிறாள்.